வராத தகவலும் வெற்றிடமும்

கோபால் என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போலிருக்கிறது. ஆகவே கோபோல் என்றே எழுதுகிறேன். 1959-ல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி. நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி அதோடுதான் போயிற்று.

கடைசி சில வருடங்கள் ஒரு வங்கியின் பழைய கோபோல் ப்ரோகிராம்களை மொபைல் செயலியோடு இணைக்கும் வேலை. செயலி ஜேசான் வடிவில் கேட்கும். கோபோலோ காப்பிபுக்கில் எழுதிய நீளப்படி, இத்தனையாவது பைட்டில் இது என்று எதிர்பார்க்கும். மெயின்பிரேமில் ‘ஏ’ எழுத்து சி1, வெளியே 41. தொகை ‘எஸ்9(7)வி99 காம்ப்-3’ என்றால் 9 இலக்கமும் 5 பைட்டில் அடங்கிவிடும். தசமப் புள்ளி எங்கும் இருக்காது. கடைசி அரை பைட்டில் சி வந்தால் கூட்டல், டி வந்தால் கழித்தல். இதையெல்லாம் மேப்பிங் கருவி தானே பார்த்துக்கொண்டது. (30 எழுத்தில் ஒரே பெயராக இருந்ததை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்கும்போது இனிஷியல் எந்தப் பக்கம் போவது என்று நடந்த சண்டை தனிக் கதை.)

சிக்கல் முகவரி மாற்றத்தில் வந்தது. செயலி மாறிய விவரத்தை மட்டும் அனுப்பும். ஆனால் கோபோலில் ‘வரவில்லை’ என்று ஒன்று கிடையாது. எல்லா இடத்திலும் ஏதாவது இருந்தாக வேண்டும். கருவி வராத இடங்களில் ஸ்பேஸை நிரப்பியது. சோதனையில் முகவரி சரியாக மாறியது, நாமினி பெயர் காணாமல் போயிற்று.

“ஸ்பேஸ்தானே சார், அதனால என்ன?” என்றான் கூட வேலை பார்த்த பையன்.

“அந்த ப்ரோகிராமுக்கு ஸ்பேஸ்னா நாமினியை நீக்குன்னு அர்த்தம் தம்பி. பழைய டெர்மினல்ல கிளார்க் அழிச்சிட்டு என்டர் தட்டுவாங்க.”

இது எந்தக் காப்பிபுக்கிலும் எழுதியிருக்காது. கணவர் போன பிறகு பாஸ்புக்கோடு வந்து நிற்கும் அம்மாவிடம், நாமினியே இல்லை என்று கவுன்டரில் சொன்னால் அவர் எங்கே போவார்? வீடு மாறினோம் என்று முகவரி மாற்றியதுதான் காரணம் என்று யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஓர் எழுத்து சேர்த்தோம். வந்திருந்தால் ஒய், வராவிட்டால் என். நடுவில் ஒரு சின்ன ப்ரோகிராம் முதலில் பழைய பதிவைப் படித்து, ஒய் உள்ளதை மட்டும் மாற்றி, முழுதாக அனுப்பும். அதை அந்தப் பையனே எழுதினான்.

பழைய ப்ரோகிராமில் ஒரு வரியும் மாற்றவில்லை. அதில் கை வைக்க யாருக்கும் தைரியமும் இல்லை.