கூட்டுத்தொகை சரியாக இருந்தது

பொம்மசந்திராவில் குடியிருக்கும் நமக்கு இருதய நோய் புதிய செய்தியன்று. டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா இருதய மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது. வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் மருத்துவத் தாள்களைப் பையிலிட்டுச் சுமந்து வருவதை நாள்தோறும் காண்கிறோம். கண்டும், அது பிறர் நோய் என்றே எண்ணியிருந்தேன்.

என் தந்தையார் 49-ஆம் வயதில் காலமானார். தருமபுரியில் ஒரு மார்கழி விடியலில் மார்பை அழுத்துகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது எனக்கு வயது 17; தம்பிக்கு 12. இப்போது எனக்கு 36 நடக்கிறது.

சென்ற மாதம், உடன் பணிபுரியும் அன்பர் ஒருவரின் வற்புறுத்தலால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். தாள் கைக்கு வந்ததும் நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான்: மொத்தக் கொலஸ்டிரால் 196. 200-க்குக் கீழே இருத்தல் நலம் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. மனம் குளிர்ந்து, அன்று மாலை போண்டாவும் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தேன். கணக்குத் தாள்களைச் சரிபார்ப்பதே என் உத்தியோகம். கூட்டுத்தொகை சரியாக இருந்து, உள்ளே இனங்கள் தவறாக இருந்த கணக்குகளை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். என் இரத்தத்தின் கணக்கில் மட்டும் அடிவரியோடு நிறுத்திக்கொண்டேன்!

"என்னங்க, இந்த இரண்டு எண்கள் மட்டும் ஏன் தடித்த எழுத்தில் இருக்கின்றன?" என்று கேட்டவள் என் மனைவி. எச்.டி.எல். 31, டிரைகிளிசரைடு 210.

மறுநாள் டாக்டரிடம் சென்றேன். அவர் தாளைப் பார்த்த பின், கன்னடத்தில் முதலாவதாகக் கேட்டது, "உங்கள் தந்தையார் இருக்கிறாரா?" என்பதுதான். எண்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது.

கொலஸ்டிரால் விஷமன்று, உயிரணுக்களுக்கு இன்றியமையாதது. அதில் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் வண்டிகளே எல்.டி.எல்., எச்.டி.எல். என்பவை. எல்.டி.எல். மிகுந்தால் சுமை இரத்தக் குழாயின் சுவரில் தங்கிப் படியும். எச்.டி.எல். ஆடவர்க்கு 40-க்கும் பெண்டிர்க்கு 50-க்கும் குறைவது நன்றன்று. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்கவேண்டும்.

பல ஆய்வுக்கூடங்கள் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1972-இல் ஃபிரீட்வால்ட் என்பவர் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கவேண்டும். நானும் போட்டுப் பார்த்தேன்: 196-இல் 31 போக, 42 போக, 123. இந்திய இருதய மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அபாயம் குறைந்தவர்களுக்கே அது 100-க்குள் இருக்கவேண்டும். எச்.டி.எல். நீங்கிய மீதி 130-க்குள் நிற்கவேண்டிய இடத்தில் எனக்கு 165. ஆக, நல்லது குறைந்திருந்தமையால்தான் என் கூட்டுத்தொகை அழகாகத் தோன்றியிருக்கிறது.

"எங்கள் வீட்டு எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை என்று போட்டிருக்கிறதே!" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். தாவர எண்ணெய் எதில்தான் அது இருந்தது? பாமாயிலில் கொலஸ்டிரால் இல்லை. ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி, எல்.டி.எல்.லை உயர்த்தும் நிறைகொழுப்பு. டிரைகிளிசரைடு ஏறுவதற்கோ எண்ணெயே வேண்டியதில்லை. மூன்று வேளைச் சோறும், இரவுப் பணியில் நான் குடிக்கும் ஐந்தாறு சர்க்கரைத் தேநீரும், அசையாமல் நாற்காலியில் இருப்பதும் போதும். அந்தத் தேநீரை விட்டதுதான் இன்றுவரை எனக்குப் பெரும் தவமாக இருக்கிறது.

தந்தையாரின் வயதைக் கேட்டறிந்தமையால் டாக்டர் மற்றொரு சோதனையும் எழுதினார். லிப்போபுரோட்டீன் (ஏ) என்பது அதன் பெயர். இது பெரும்பாலும் பிறப்பிலேயே வாய்ப்பது, பத்தியத்தால் குறைவதில்லை. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலோர்க்குப் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவனம் வேண்டும் என்றார். எனக்கு 82. மாத்திரை எழுதித் தந்தார், எல்.டி.எல்.லையாவது தாழ்த்தி வைக்கவேண்டும் அல்லவா? மாத்திரையைத் தொடங்கினால் விடமுடியாதே என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் விழுங்கினேன்.

ஆனால் அந்த 82 என்னோடு நிற்பதன்று. தம்பியும் அதே தந்தைக்குப் பிறந்தவன். வயது 31, ஒல்லியான தேகம், புகையில்லை, மதுவில்லை. "எனக்கு எதற்கு அண்ணா?" என்று இருமுறை தட்டிக்கழித்தான். மூன்றாம் முறை அம்மாவே தொலைபேசியை வாங்கி, "உங்கப்பாவும் ஒல்லிதான்டா," என்று மட்டும் சொன்னாராம்.

ஞாயிறன்று தருமபுரியிலிருந்து ரயிலேறி வருகிறான். ஹீலலிகே நிலையத்துக்கு நானே சென்று அழைத்துவர இருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று நேற்றிரவு கேட்டான். முதல் சோதனைக்கு அது கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு மிக உயர்ந்து காணப்பட்டால் மட்டும் மறுமுறை பட்டினியோடு எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டே வா என்று சொல்லியிருக்கிறேன்.