மூக்கு அறிந்த எண்ணெய்

அப்பா ஓட்டிய 1996 மாடல் மாருதி 800. போன மாதம் ஒரே ராத்திரியில் வாசலில் தட்டு அகலத்துக்கு எண்ணெய் விட்டிருந்தது. முந்தின நாள் வரை ஒரு சொட்டு கிடையாது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். "பின்பக்க ஆயில் சீல் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று 11,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். எழுதியவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. நண்பர் ஒருவர்தான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனின் தகரக் கொட்டகைக்கு வழி சொன்னார்.

அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்பாசடரில் தொழில் பழகியவர். "அம்பாசடர் ஒழுகுனா அது நோவில்லைங்க, அதோட குணம். மாருதி அப்படியில்லைங்க" என்றபடி டிப் ஸ்டிக்கை உருவினார். அடிக்கோட்டுக்கும் கீழே. தரையில் சொட்டியதை விரலில் தொட்டு மோந்தார். "கியர் ஆயில்னா கந்தக வாடை தூக்கும். இது இஞ்சின் ஆயில்தானுங்க."

அப்புறம் தேடுவார் என்று பார்த்தால், மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்து இஞ்சினைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். துடைத்து, இருபது நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு மேலிருந்து கீழே வந்தார். "எண்ணெய் எங்க சொட்டுதுன்னு பார்க்கக் கூடாதுங்க. எங்க மொதல்ல ஈரம் தட்டுதுன்னு பார்க்கோணும்."

ஈரம் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் தட்டியது. கார்புரேட்டர் வைத்த இந்த மாருதியில் அது சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர் பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கிறது. கேம் ஷாஃப்ட்தான் அதைச் சுற்றுகிறது. அங்கே எண்ணெயைத் தடுத்து நிற்பது ஓ-ரிங் என்ற ஒற்றை ரப்பர் வளையம். அது விட்டால் எண்ணெய் பின்பக்கமாகவே வழிந்து, இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழிருந்து பார்க்கிறவனுக்கு ஆயில் சீல் போன மாதிரியேதான் தெரியும்.

ஸ்க்ரூடிரைவரால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினார். டைமிங் பற்றி அவர் சொன்னது எனக்கு ஏறவில்லை. ஆனால் அந்த ஓ-ரிங் மட்டும் மனதில் நிற்கிறது: சூட்டில் வெந்து, கண்ணாடி வளையல் மாதிரி கையில் உடைந்தது. அதோடு விடவில்லை. டேப்பட் கவரிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதினார். அடைப்பு. உள்ளே கட்டிய காற்று, வலுவிழந்த இடத்தைப் பார்த்து எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. "இத உட்டுட்டுப் புதுசு போட்டா, அடுத்த மாசம் வேற பக்கம் ஒழுகுமுங்க."

ஓ-ரிங் 40 ரூபாய், கூலி 400. கழற்றி மாட்டினால்தான் பில் ஏறும் என்ற கணக்கில் நடக்கும் கடைகளுக்கு இந்த மூக்கு எதற்கு? மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஸ்கேனர் செருக இடமில்லாத என் மாதிரி வண்டிகள் அவர் கொட்டகைக்கு வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். கடைசியாகத் தொழில் பழகிய பையன் ஷோரூம் சர்வீஸுக்குப் போய்விட்டான்.

பழைய வண்டி வைத்திருக்கிறீர்களா? கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இஞ்சினைக் கழுவி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.