சாரியாவின் பாட்டு

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் பணப்பையின் நிலைமை விடுதி நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் யீஷூனில் ஒரு பையனுக்கு இசைக் கோட்பாட்டு டியூஷன் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். பள்ளி நாள்களில் கிரேடு 5 கோட்பாட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவளாயிற்றே என்ற தெம்பு வேறு. எல்லாம் மனப்பாடம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பையனுக்கு 13 வயது. ஒருமுறை தோற்றிருந்தான். ஏபிஆர்எஸ்எம் முறையில் இதையோ, இதற்கு ஈடான தேர்வையோ தாண்டாமல் கிரேடு 6 பியானோவுக்குப் போக முடியாது. "இந்தத் தடவையும் கோட்டை விட்டா பியானோவை வித்துடுவேன்மா" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னபோது அவன் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான்.

முதல் மூன்று வாரம், எனக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே நானும் சொல்லிக்கொடுத்தேன். எந்த மேஜருக்கு எத்தனை ஷார்ப், எத்தனை ஃபிளாட் என்று அட்டவணை போட்டேன். அவன் கொட்டாவி விட்டான். நான்காம் வாரம் மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போதே அவன் வீட்டிலிருந்து டெட்ரிஸ் இசை கேட்டது. 1989இல் வந்த கேம்பாய் விளையாட்டின் மெட்டு; மூலம் 'கொரோபெய்னிக்கி' என்ற ரஷ்ய நாட்டுப்பாடல்.

"யாருடா சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லக்கா. கேட்டு வாசிச்சேன்."

ஏ மைனரில் வாசித்தான். இரண்டாம் பகுதியில் வரும் ஜி ஷார்ப்பையும் விடவில்லை. ஹார்மோனிக் மைனரில் ஏழாம் சுரம் அரைப்படி உயரும் என்று நான் மூன்று வாரமாகக் கத்தியதை அவன் விரல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது! பெயர்தான் தெரியவில்லை.

அன்றே அட்டவணையை மூடிவைத்தேன். மூன்று தட்டுத் தாளத்துக்கு, ஜோ ஹிசாய்ஷி 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (2004) படத்துக்கு அமைத்த வால்ட்ஸ். கார்டுகளுக்கு அனிமே பாடல்கள். நான்கு, ஐந்து, மூன்று, ஆறு என்ற கார்டு வரிசை அவற்றில் அடிக்கடி வரும். ஜப்பானியர் அதற்கு 'அரச பாதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று பாட்டில் அதைக் கண்டுபிடித்துவிட்டு நான்காவதைத் தேட ஆரம்பித்தான்.

ஒருநாள் 'ஒக்கரினா ஆஃப் டைம்' (1998) விளையாட்டிலிருந்து சாரியாவின் பாட்டை வாசித்தான். அதில் நாயகன் ஊதும் ஒக்கரினாவுக்கு ஐந்து பொத்தான், ஐந்து சுரம்: டி, எஃப், ஏ, பி, மேல் டி. இந்தப் பாட்டு எஃப், ஏ, பி என்று தொடங்கும்.

நான் ஆசிரியை அல்லவா! "எஃப் மேஜர்ல பி ஃபிளாட்தான் வரும். தப்பா வாசிக்கிறே" என்றேன்.

ஒன்றும் பேசாமல் பி ஃபிளாட் போட்டு வாசித்தான். முகம் சுளித்தான். "இது அந்தப் பாட்டே இல்லக்கா."

இல்லைதான். எனக்கே கேட்டது. சிறுவயதில் கோயில் வகுப்பில் பாடிய கர்நாடக இசை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எஃபை ஸட்ஜமாக வைத்தால் அவன் வாசித்த பி, பிரதி மத்திமம், கல்யாணியின் சுரம். நான் 'திருத்திய' பி ஃபிளாட், சுத்த மத்திமம், சங்கராபரணத்தின் சுரம். கல்யாணியின் சுர வரிசையைத்தான் மேற்கத்திய இசையில் லிடியன் என்கிறார்கள். (கமகம் இல்லாத மூன்று சுரத்தைக் கல்யாணி என்றால் என் பாட்டு டீச்சர் காதைத் திருகுவார். அது வேறு கதை.) இரண்டையும் படித்தவள் நான். ஒருநாள்கூட அருகருகே வைத்துக் கேட்டதில்லை.

சின்னப் பையனிடம் "என் மேலதான் தப்பு" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொன்னேன்.

"அப்போ பரீட்சைல எஃப் மேஜர் வந்தா?"

"பி ஃபிளாட் போடு. சாரியா பாட்டுக்குப் போடாதே."

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வந்தார். "ஏம்மா, கேம் பாட்டு வாசிக்கவா உனக்குக் காசு கொடுக்கிறேன்?" தேர்வுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் ஆண்ட்டி என்று கெஞ்சிவிட்டு வந்தேன். எம்ஆர்டியில் திரும்பும்போது, தோற்றால் விற்கப்போவது அவன் பியானோவை, என்னுடையதை அல்ல என்ற நினைப்பு குடைந்தது. அடுத்த வாரத்திலிருந்து பாதி நேரம் பழைய வினாத்தாள், பாதி நேரம் விளையாட்டு இசை.

75க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. அவன் 57 எடுத்தான். அன்றிரவு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அக்கா, அம்மாகிட்ட சாரியா பாட்டை ரெண்டு விதமாவும் வாசிச்சுக் காட்டினேன். ஃபிளாட் இல்லாததுதான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க."