மேடை வாடகை

2024 ஜனவரி 17, புதன்

வேலை போய்விட்டது. சம்பளம் மார்ச் நடுவில் நிற்கும். அதன்பிறகு எச்1பி விசாக்காரனுக்கு 60 நாள்தான். அதற்குள் வேறு கம்பெனி அமையாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மதுரையில் இருக்கும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 20, சனி

தூக்கமே இல்லை. நேற்று ராத்திரி நடந்ததை எழுதிவிட்டால் தேவலை.

வேலை போனவர்கள் சேர்ந்து சாப்பிடப் போனோம். முடிந்ததும் நண்பன், "வா மச்சி, இன்னிக்கு ஒரு நாள் எல்லாத்தையும் மறப்போம்" என்று ஸ்ட்ரிப் கிளப்புக்கு இழுத்துப் போனான். சியாட்டிலின் வடக்குப் பக்கம், பெரிய சாலையோரம், ஜன்னல் இல்லாத கட்டடம். உள்ளே மது கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தில் இந்த மாதிரி கிளப்பில் விற்கக் கூடாதாம். ஆளுக்கொரு கோக்கோடு உட்கார்ந்தோம்.

மேடையில் ஒருத்தி கம்பத்தைப் பற்றி உச்சிவரை ஏறி, தலைகீழாகச் சுழன்று இறங்கினாள். என்ன வலு அந்தக் கைகளில்! பாட்டு நின்றதும், இறைந்து கிடந்த ஒரு டாலர் தாள்களை அவளே குனிந்து பொறுக்கினாள். ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது, பொறுக்கியதைப் பார்க்க முடியவில்லை.

இன்னொருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனியாக ஆடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். மழை ராத்திரி, கூட்டம் இல்லை. அவளும் எழுந்து போகவில்லை. வேலை போனதைச் சொன்னேன்.

"நான் உள்ள வரும்போதே கடனோடதான் வர்றேன்" என்றாள்.

அங்கே அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆடுகிறவர்கள்தான் கிளப்புக்கு ஒவ்வொரு ராத்திரியும் வாடகை கட்டுகிறார்கள். வசூல் ஆகாவிட்டால் அது பாக்கியாக நிற்கும். "மது விக்க முடியாது. அப்போ முதலாளிக்கு வருமானம் எங்க இருந்து வரும்? எங்ககிட்ட இருந்துதான்."

கிளம்பும்போது 20 டாலர் கொடுத்தேன். "பேச்சும் வேலைதான்" என்று வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 21

"குரல் ஒரு மாதிரி இருக்கே?" என்றாள் மனைவி. சளி என்றேன்.

பிப்ரவரி 11

இன்டர்வியூ எதுவும் நகரவில்லை. கிளப்புகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்று ஒரு இடம். 1990களில் ஆடுகிறவர்கள் அங்கே தொழிற்சங்கம் கட்டினார்கள். 2003இல் அவர்களே அதை வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். 2013இல் மூடிவிட்டார்கள். பத்து வருஷம்! ரொம்ப நாள் கழித்து இன்று மனசு நிறைந்தது.

மார்ச் 1

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 25, திங்கள்

கிளப்பில் ஆடுகிறவர்களுக்கான சட்டத்தில் வாஷிங்டன் ஆளுநர் ஜே இன்ஸ்லீ கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி எட்டு மணி நேரத்துக்கு 150 டாலர், அல்லது ஆடுகிறவள் சம்பாதித்ததில் 30 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாடகை வாங்கக் கூடாது. பாக்கியை மறுநாள் தலையில் ஏற்றவும் கூடாது. மது விற்கவும் வழி திறந்திருக்கிறது.

"சரக்கு வந்தா இன்னும் நாறும்டா" என்றான் நண்பன். சண்டையே போட்டேன். சட்டம் வேண்டும் என்று நடையாய் நடந்தவர்கள் ஆடுகிற பெண்கள். குடித்தவனைச் சமாளிக்கும் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாதா? முதலாளிக்கு வேறு வரும்படி இருந்தால்தான் தங்கள் மடியில் கை வைக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை நான் நம்புகிறேன்.

மார்ச் 30, சனி

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். முதலில் வேலை, பிறகு கிளப். வேலைக்கு அழுதாள். கிளப்புக்கு ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"என்னங்க, அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு வாடகைக்காவது தேறுச்சா?"

"தெரியலையே."

"கேட்டிருக்கலாம்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4

பெல்வியூவில் ஒரு கம்பெனி இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறது. மனைவி இன்னும் சரியாகப் பேசவில்லை.