இறுகிப்போன போல்ட்டும் அப்பாவோட கைப்பிடியும்

டிஸ்கி: இது துப்பாக்கி, தோட்டா சமாச்சாரம். கனடாவில் லைசென்ஸ் எடுத்து, அனுமதி உள்ள ரேஞ்சில் சுடுறவனோட அனுபவம். நம்ம ஊர்ல 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டா கையில இருந்தாலே குற்றம். அதனால யாரும் செஞ்சு பார்க்கிறேன்னு கிளம்பிடாதீங்க. மருந்துக் கணக்கு எதையும் நான் சொல்லப் போறதும் இல்லை.

மணமேல்குடிக்கு வந்து பத்து நாளாச்சு. நண்டும் மீனுமா தின்னு தீர்த்துட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, கொசு கடிச்சு, சுகமாப் போயிட்டிருக்கு. நேத்து சாயங்காலம் வீட்டுப் பின்னாடி இருக்கிற கொட்டகையை என் பையன் நோண்டிக்கிட்டு இருந்தான். அப்பா வல்லம் வச்சிருந்த காலத்து டீசல் இன்ஜினோட கைப்பிடி அவன் கையில அகப்பட்டுச்சு. துருப்பிடிச்ச இரும்பு. "தாத்தா, இது என்ன?"

அப்பா உற்சாகமாயிட்டார். இதை மாட்டித்தான் இன்ஜினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுவோம்னு செஞ்சே காட்டினார். கடைசியா, "சுத்தும்போது கைப்பிடி இறுகுச்சுன்னா அப்பவே கையை எடுத்துரணும். உள்ள தண்ணி ஏறியிருக்கும். தண்ணியை அமுக்க முடியாதுல்ல? வம்பா சுத்தி ஸ்டார்ட் பண்ணுனா ராடு வளைஞ்சுரும்"னு சொன்னார்.

என் பையன் சும்மா இருந்திருக்கலாம். "அப்பாவும் இப்படித்தான் தாத்தா. போல்ட் இறுகிடுச்சு, ரப்பர் சுத்தியலால தட்டினாங்க!"

போட்டுக் கொடுத்துட்டான். அவ்வ்வ்வ்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்ன போல்ட்டு?"

சரி, கொசுவத்தியைச் சுத்துறேன். அவர்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்லிடுறேன்.

டொராண்டோ போன புதுசுல, கூட வேலை பார்த்த ஒருத்தர் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனார். காலேஜ்ல என்.சி.சி. பையனா .22 ரைஃபிள்ல அஞ்சு ரவுண்டு சுட்ட ஞாபகம் கிளறிடுச்சு. பாதுகாப்பு வகுப்பு முடிச்சு, லைசென்ஸ் வாங்கி, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் ரைஃபிள் ஒண்ணு வாங்கினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன், "உமக்கென்ன விசரே? காசு குடுத்துத் துவக்கு சுடுறீர்!"னு ஒரே வரியில முடிச்சுட்டார். அவர் பார்த்ததுக்கு அவர் சொல்றது நியாயம்தான்.

கடைத் தோட்டா விலை எகிறினதும், சுட்ட பித்தளைக் கூட்டையே திரும்ப நிரப்புற வேலையைக் கத்துக்கிட்டேன். கூட்டை அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரணும், புது ப்ரைமர் வைக்கணும், மருந்தை நிறுத்துப் போடணும், குண்டைச் செருகணும். ராத்திரி ஆணி புடுங்குற வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் தனியா உக்காந்து செய்ய அருமையான வேலை. நாம செஞ்ச தோட்டா நூறு கெஜத்துல ஒரே இடத்துல போய் விழும்போது வர்ற கர்வம் இருக்கே, அதுதான் வில்லன். பின்னால வருது.

போன வருஷம் ஜூலை. நல்ல வெயில். பையனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். முதல்ல நான், அப்புறம் என் மேற்பார்வையில அவன்னு ஏற்பாடு. ரெண்டு தோட்டா சுகமாப் போச்சு. மூணாவது சுட்டுட்டு போல்ட் கைப்பிடியைத் தூக்கினா வரலை. உள்ளங்கையால ஒரு குத்து விட்டேன், திறந்துச்சு. நாலாவது சரி. அஞ்சாவது மறுபடி இறுகல். எட்டாவது ரெண்டு கையால தூக்கியும் அசையலை. பையில இருந்த ரப்பர் சுத்தியலை எடுத்து 'டொக் டொக்'னு ரெண்டு தட்டு.

"ஏம்ப்பா அடிக்கிறீங்க?"ன்னு பையன் கேட்டான்.

"ஒண்ணுமில்லடா, புது துப்பாக்கி, கொஞ்சம் டைட்டு"ன்னேன்.

பொய். அது வாங்கி மூணு வருஷமாச்சு. பெட்டியில இன்னும் பன்னெண்டு தோட்டா இருந்துச்சு. அடுத்தது அவன் முறை.

சத்தம் கேட்டு ரேஞ்சைப் பார்த்துக்கிற பெரியவர் வந்தார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். சுட்ட கூட்டை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார். அடிப்பாகத்துல பளபளன்னு வட்டமா ஒரு தேய்ப்பு. ப்ரைமர் ஓரம் வரைக்கும் தட்டையா அமுங்கிக் கிடந்துச்சு. "இன்னைக்கு இந்தப் பெட்டி மூடியாச்சு"ன்னார். திட்டலை. அதுதான் உறைச்சுது.

அப்புறம் அவர் சொன்ன பாடம். .308 தோட்டா வெடிக்கும்போது உள்ள இருக்கிற அழுத்தத்துக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயர்ல நாம அடிக்கிறது முப்பது சொச்சம். அந்த அழுத்தத்துல பித்தளைக் கூடு உப்பி சேம்பர் சுவத்தோட ஒட்டிக்கும். அழுத்தம் இறங்கினதும் கொஞ்சம் சுருங்கி விலகிக்கும். அதனாலதான் போல்ட் லேசாத் திறக்குது. வரம்பு தாண்டினா பித்தளை திரும்பச் சுருங்க முடியாத அளவுக்கு விரிஞ்சுடும். இரும்பு பழைய அளவுக்கு வந்து அதை இறுக்கிப் பிடிச்சுக்கும். நாம கைப்பிடியோட மல்லுக்கட்டுறது அந்தப் பிடியோடதான்.

ஆனா எல்லா இறுகலுக்கும் அழுத்தமே காரணம்னு சொல்ல முடியாதாம். அவர் வரிசையாப் பார்க்கச் சொன்னது இது:

1) தோட்டா இல்லாம போல்ட்டைத் தூக்கிப் பாரு. அப்பவும் இறுகினா போல்ட்டுல கிரீஸ் வத்திப்போயிருக்கலாம், அழுக்கு இருக்கலாம், உலோகம் உரசித் தேஞ்சிருக்கலாம். (என்னோட ரைஃபிள் மாதிரியானதுல கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங்கும் இழுபடும். அதனால கொஞ்சம் கனம் சகஜம்.)

2) அச்சுல அமுக்கின வெறுங்கூட்டைப் போட்டு மூடிப் பாரு. மூடும்போதே இறுகினா கூட்டைச் சரியா அமுக்கலைன்னு அர்த்தம். தோளோ அடிப்பாகமோ பெருசா இருக்கு.

3) கூட்டோட நீளத்தை அள. .308-க்கு உச்சம் 2.015 அங்குலம். சுடச்சுட பித்தளை நீளும். கழுத்து சேம்பர் முனையில முட்டினா குண்டை விடாமக் கவ்வும், அழுத்தம் ஏறும்.

4) சேம்பர்லயோ தோட்டா மேலயோ எண்ணெய், தண்ணி, மணல் இருக்கான்னு பாரு.

5) இதெல்லாம் சரின்னா மருந்து, குண்டு, ப்ரைமர், கூடு இதுல எதை மாத்தினேன்னு நோட்டைப் பாரு. வெயில்ல பெட்டியைத் திறந்து வச்சியான்னும் யோசி.

நான் வெயில்லதான் வச்சிருந்தேன். சூடு ஏறினா சில மருந்துகளுக்கு அழுத்தமும் ஏறும். அந்தக் காலத்து .303 தோட்டாவுல இடியாப்பம் மாதிரி நீள நீளமா இருந்த கார்டைட்டும் இந்த ரகம்தான். நம்ம நீலகிரி அருவங்காட்டுல 1903-ல் ஆரம்பிச்ச தொழிற்சாலைக்குப் பேரே கார்டைட் ஃபேக்டரி.

கிளம்பும்போது பெரியவர் ஒரு கதை சொன்னார். முதல் உலகப்போர்ல கனடா சிப்பாய்களுக்கு க்யூபெக்ல செஞ்ச ராஸ் ரைஃபிளைக் கொடுத்தாங்க. குறிபார்த்துச் சுட அருமையான துப்பாக்கி. ஆனா சேம்பர் இறுக்கம். போர்க்கால அவசரத்துல பிரிட்டன்ல செஞ்ச தோட்டாக்கள் ஒரு மயிரிழை பெருசு. சேறு வேற. 1915 ஏப்ரல்ல ஈப்ர சண்டையில வேகமாச் சுடச்சுட போல்ட் ஒட்டிக்கிச்சு. எதிரி வந்துக்கிட்டிருக்கான், இவங்க பூட்ஸ் காலால போல்ட்டை உதைச்சுக்கிட்டிருந்தாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க அதைத் தூக்கிப் போட்டுட்டு, செத்துக்கிடந்த பிரிட்டிஷ்காரங்களோட லீ-என்ஃபீல்டை எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஊர் போலீஸ்காரர் தோள்ல தொங்கிச்சே அந்த த்ரீநாட்த்ரீ, அதேதான். அதுக்கு சேம்பர் தாராளம், சேத்தையும் சூட்டையும் தாங்கும். தப்புன்னு தெரிஞ்சும் ராஸை விட்டுக் கொடுக்காம மேலிடத்துல பிடிவாதம் பிடிச்சாங்க. 1916-ல்தான் முழுசா மாத்தினாங்க.

"நம்ம சரக்குன்னு ஒரு பிடிவாதம்"னு சொல்லிட்டு என் பெட்டியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட்ல உக்காந்தேன். பெரியவர் சொன்ன முதல் நாலும் சரி. அஞ்சாவதுக்கு வந்து, சுட்ட எட்டுக் கூட்டையும் கவுத்து வச்சுப் பார்த்தேன். இறுகின மூணுலயும் அடியில வட்டத்துக்குள்ள ஒரு கூட்டல் குறி. நேட்டோ முத்திரை. ராணுவக் கூடு! அதுக்கு முந்தின மாசம் ஒருத்தர் ஓசியில ஒரு பை பழைய கூடு கொடுத்திருந்தார். ஓசின்னா பினாயிலையும் குடிக்கிற பரம்பரையாச்சே, பார்க்காம என் கூட்டோட கலந்துட்டேன்.

தராசுல வச்சேன். என் கடைக்கூட்டை விட ராணுவக் கூடு 12 கிரெய்ன் கனம். ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனா வெளி அளவு ரெண்டுக்கும் ஒண்ணு. அப்ப அந்தக் கூடுதல் பித்தளை எங்க இருக்கு? உள் சுவத்துல. உள்ள இடம் குறைவு. கடைக்கூட்டுல உச்சத்துக்குக் கிட்ட கொண்டுபோய் வச்சிருந்த அதே மருந்தை, சின்னப் பானையில போட்டு அடைச்சிருக்கேன். கூட வெயிலும் சேர்ந்துக்கிச்சு. கூடு மாறினா மருந்தைக் குறைச்சு அடியில இருந்து ஆரம்பிக்கணும்னு நான் வச்சிருக்கிற புத்தகத்துல முன்பக்கத்துலயே இருக்கு. படிச்சவன்தான் நான்.

மிச்சம் பன்னெண்டுல அந்த முத்திரை அஞ்சுல இருந்துச்சு. பையன் சுட வேண்டிய முதல் தோட்டா அதுல ஒண்ணான்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பலை. பன்னெண்டையும் ஒவ்வொண்ணா குண்டு பிடுங்கிக் கலைச்சேன். ராத்திரி ரெண்டு மணி. காலையில பையன்கிட்ட, "புது துப்பாக்கின்னு சொன்னது பொய்டா, தப்பு நான் செஞ்ச தோட்டாவுல"ன்னேன். "தெரியும்ப்பா"ன்னான்!

இப்ப ஒவ்வொரு முத்திரைக்கும் தனி டப்பா. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான். பெட்டி நிழல்ல. ரப்பர் சுத்தியல் பையில கிடையாது.

எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மூணாவதுலயே இறுகுச்சுங்கற. எட்டு வரைக்கும் ஏன் போன?"ன்னார்.

"நானே செஞ்சதுப்பா. அதுல தப்பு இருக்கும்னு தோணலை."

"ம்... நாம முடிஞ்ச வலையில ஓட்டை நமக்கு லேசுல தெரியாது"ன்னு சொல்லிட்டு, கைப்பிடியைப் பேரன்கிட்ட இருந்து வாங்கி, துருவைத் துடைச்சு மறுபடி ஆணியில மாட்டினார்.

பி.கு.: அந்தக் கைப்பிடியை கனடாவுக்குக் கொண்டு போகணும்கிறான் பையன். ஏர்போர்ட்ல என்னன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன் :-)