நேரமில்லை

பாபநாசத்தில் எனக்கு ஒரு நண்பர். நெல் அரவை மில் வைத்திருக்கிறார். கிறிஸ்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் தாயார், சாயங்காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேயிருந்தார். "அறுப்பு முடியட்டும் அம்மா" என்பார் இவர். சம்பா முடிந்தால் குறுவை.

ஒரு நாள் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவரும் கிறிஸ்தவர்தான். தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, 1890-ல் அந்த வேலையை விட்டுச் சித்த மருந்து வியாபாரத்தில் பெயர் பெற்றவர். அந்த வியாபாரத்துக்கு நடுவிலேதான் கீர்த்தனைகள் எழுதினார். தம் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலையும் வெளியிட்டார்.

"அவருக்கு ஆள் இருந்தது. எனக்கு வாசலில் லாரியல்லவா நிற்கிறது!" என்றார் நண்பர்.

"உழவிலும் அறுப்பிலும்கூட ஏழாம் நாள் ஓயவேண்டுமென்று உங்கள் யாத்திராகமத்தில் இருக்கிறதே. சும்மா இருக்கிற காலத்தில் ஓய்வதற்குக் கட்டளை எதற்கு?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.

தை மாதம் தாயார் போய்விட்டார். அடக்கத்தன்று குருவானவர் சங்கீதம் வாசித்தபோது நண்பர் தலை நிமிரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டியிருக்கிறது. மற்ற நாட்களிலும் ஆறு மணிக்கு நின்றுவிடுகிறது. காலிக் கட்டிலருகே உட்கார்ந்து வாசிக்கிறார். வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. லாரிக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.

இவ்வளவு புத்தி சொன்ன நான் அந்த அம்மாளை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேனா? இல்லை. அப்போது ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன்.