மச்சானின் காரும் உம்மாவின் காதும்

எங்கள் ஊரில் வாகனத்தைக் கண்ணால் அறிவதை விடக் காதால் அறிவதே வழக்கம். வயலுக்குப் போகும் உழவு இயந்திரம், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், அந்தி நேரத்தில் இசை ஒலித்து வரும் பாண்கார ஓட்டோ என்று ஒவ்வொன்றும் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே தன்னை அறிவித்துவிடும். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் உறுமலைக் கேட்டே, வருகிறவர் இன்னார் மகன் என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே, ஒருவர் தன் வாகனத்தின் சத்தத்தை மாற்றும்போது ஊருக்குள் தன் பெயரையே மாற்றிக்கொள்கிறார் என்று சொன்னால் அது மிகையல்ல.

என் தங்கையின் கணவர் அப்படி ஒரு பெயர் மாற்றத்தைச் செய்தார். கட்டாரில் ஒன்பது வருடங்கள் உழைத்துவிட்டு 2019இல் ஊர் திரும்பிய மச்சான், வந்த கையோடு பழைய ஹொண்டா சிவிக் ஒன்றை வாங்கினார். ஈகே3 என்று கார்ப் பைத்தியங்கள் செல்லமாக அழைக்கும் வகை. 1493 கன சென்ரிமீற்றர் எஞ்சின். ஆனால் 130 குதிரை வலு. அதுவும் 7000 சுழற்சியில்தான் முழுதாகக் கிடைக்கும். கல்முனையிலுள்ள தன் கடைக்கு அவர் நாளாந்தம் அதில்தான் போய்வருகிறார். என் பாடசாலை வழியில் இருப்பதால் காலையில் நானும் ஏறிக்கொள்வேன்.

2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபோது, அந்தக் கார் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் கேட்கப்பட்டது. மச்சான் விற்கவில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, கியூஆர் அட்டையில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று வந்தபோதும் அதை மூடிக்கட்டி வைத்தாரேயன்றிக் கைவிடவில்லை. கட்டாரில் மற்றவர்களின் வாகனங்களைக் கழுவியும் ஓட்டியும் கழிந்த வருடங்களில், தனக்கென்று ஒரு கார், அதற்கென்று ஒரு குரல் என்று அவர் கனவு கண்டிருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடற்காற்றின் உப்பு இரும்பை விட்டுவைப்பதில்லை. 2023இல் சைலன்சர் உக்கி ஓட்டையாயிற்று. மச்சான் வெளியூர்க் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனார். அங்கே பழையதை எல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, இரண்டரை அங்குலக் குழாயும் பின்னால் ஒரு பளபளக்கும் தகரக் குடுவையும் பொருத்தி அனுப்பினார்கள்.

"எப்பிடி மச்சான் சத்தம்?" என்று கேட்டார்.

"தலை விறைக்கிது மச்சான்" என்றேன்.

சிரித்தார். ஆனால் இரண்டு வாரத்துக்குள் அவரே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டத் தொடங்கினார். கார் முன்பு போல இழுக்கவுமில்லை. சந்தியில் நின்று புறப்படும்போது சோர்ந்தது. பெற்றோல் கூடுதலாகக் குடித்தது. கால் எடுத்தால் பின்னால் வெடித்தது.

அந்த வெடிதான் எங்கள் வீட்டில் பிரச்சினையாகியது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மச்சான் தங்கையின் வீட்டில்தான் இருக்கிறார், உம்மாவும் அங்கேதான். இரவு கடை பூட்டி அவர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கால் எடுக்க வேண்டும். உடனே 'படார்' என்று ஒரு சத்தம். 1990இல் எனக்கு எட்டு வயது. அந்த ஆகஸ்ட் மாதத்து இரவுகளில் உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, தானும் குப்புறப் படுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. யுத்தம் முடிந்தது 2009இல். உம்மாவின் காதுக்கு அது இன்னும் முடியவில்லை. முதல் வெடியிலேயே அவர் விளக்கை அணைத்தார். மின்சாரம் நின்றதென்று நினைத்துத் தங்கை போய்ப் பார்த்தபோது, உம்மா சுவரோடு ஒட்டி, பேத்தியை மடிக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உம்மா மருமகனிடம் எதுவும் சொல்லவில்லை. மாமிமார் மருமகனுக்கு முகம் கோணாத ஊர் எங்களுடையது. அவர் கடையிலிருந்து வரும் நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார், அவ்வளவுதான். மச்சானுக்கும் விளங்கியது. ஆனால் பழைய சைலன்சர் இல்லை. புதிய அசல் பாகம் கிடைப்பதும் இலகுவல்ல. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் விஞ்ஞானம் படித்த பையன் ஒருவன் ஊரில் சின்னதாய்க் கராஜ் வைத்திருக்கிறான். சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவன். கை மட்டும் பொன். காரை அவனிடம் கொண்டுபோனோம். அவன் முதலில் எதையும் கழற்றவில்லை. எஞ்சினைக் குளிர விட்டுப் பின் ஸ்டார்ட் செய்து, குழாய்ப் பூட்டுகளைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனான்.

"சேர், இஞ்ச காத்து இழுக்குது. வெடிக்கிறதும் பெற்றோல் குடிக்கிறதும் இதாலதான்" என்றான்.

அவன் சொன்ன காரணம் அழகானது. வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க ஓர் உணரி இருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள பூட்டில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். உணரி அதைக் கண்டு, எரிபொருள் குறைவென்று கணினிக்குப் பொய்ச்சாட்சி சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். எரியாத பெற்றோல் குழாய்க்குள் போய், அதே ஒழுக்கால் வந்த காற்றோடு சூட்டில் கலந்து வெடிக்கும். ஒரு சிறு கசிவு, ஒரு பொய்ச்சாட்சி, அதனால் ஒரு வீட்டின் தூக்கம்.

அடுத்தது குழாயின் அகலம். பெரிய குழாய் போட்டால் வேகம் கூடும் என்பது கராஜ்களின் பொது நம்பிக்கை. 'பின்னழுத்தம்' வேண்டும் என்பது அதற்கு எதிர்க்கட்சியின் நம்பிக்கை. இரண்டும் முழு உண்மையல்ல. புகை ஆறு போல ஓடுவதில்லை; துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. வேகமாகப் போகும் ஒவ்வொரு துடிப்பும் தன் பின்னால் தாழ் அமுக்கம் ஒன்றை விட்டுச் செல்கிறது. அது அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்தெடுக்க உதவுகிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயு மெதுவாகிக் குளிர்ந்துவிடும். குறைந்த சுழற்சியில் அந்த இழுவை தளரும். சந்தியில் கார் சோர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவன் இரண்டு அங்குலக் குழாய்க்குத் திரும்பினான். வளைவுகளில் குழாய் நசுங்காமல் பார்த்துக்கொண்டான். நடுவில், துளைகளிட்ட உட்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த ரெசனேட்டர் ஒன்றும் பின்னால் பெரிய சைலன்சர் ஒன்றும் வைத்தான்.

வெடி நின்றது, இழுவை வந்தது. ஆனாலும் 3000 சுழற்சிக்கு முள் வந்ததும் காருக்குள் ஓர் இரைச்சல். வண்டு ஒன்று மண்டைக்குள் புகுந்தது போல. மச்சான் அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். எனக்குத்தான் விட மனமில்லை. ஆசிரியர் கலாசாலையில் நீர் நிரப்பிய குழாயின் வாயில் இசைக்கவையைப் பிடித்து, நீர்மட்டத்தை இறக்கி இறக்கிப் பரிவு கண்ட நாள் ஞாபகத்துக்கு வந்தது. கரும்பலகை இல்லாத இடத்தில், கராஜ் சுவரில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டோம்.

நான்கடிப்பு எஞ்சினில் நான்கு சிலிண்டர் இருந்தால், ஒரு சுழற்சிக்கு இரண்டு தகனங்கள். நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்றால் செக்கனுக்கு 50. ஆகவே தகனத்தின் மீடிறன் 100 ஹேர்ட்ஸ். ஒரு முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றை, அந்த மீடிறனின் அலைநீளத்தில் காற்பங்கு நீளத்துக்குப் பொருத்தினால், அதற்குள் போய்த் திரும்பி வரும் அலை அரை அலை பிந்தி வந்து பிரதான அலையை அழிக்கும். புத்தகத்திலுள்ள செக்கனுக்கு 340 மீற்றர் வேகத்தை எடுத்தால் குழாய் 85 சென்ரிமீற்றர். ஆனால் சூடான வாயுவில் ஒலி விரைந்து செல்லும். 300 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 480 மீற்றர். அப்படியானால் 1.2 மீற்றர் வேண்டும்.

பையன் 1.2 மீற்றரில் செய்து, பிரதான குழாயோடு ஒட்டிப் பின்னால் மடக்கினான். பக்கக் குழாயில் வாயு ஓடாமல் நிற்பதால் அது சற்றுக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டி, ஒவ்வொரு முறையும் வயற்பாதையில் ஓடிப் பார்த்தோம். 1.1 மீற்றருக்குக் கிட்ட வந்தபோது வண்டு செத்தது. மச்சான் காரை நிறுத்தி இறங்கி, பையனின் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கில் எப்போதும் கடைசி வாங்கில் இருந்த பையன், "சேர், இத அப்பவே இப்பிடிப் படிப்பிச்சிருக்கலாமே" என்றான்.

மிச்சம் சிறிய வேலைகள். தீப்பொறிச் செருகிகள் புதிதாயின. எஞ்சின் இளகும்போது காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு கழுவப்பட்டது. வெடித்துப்போன எஞ்சின் றப்பர் தாங்கிகள் மாற்றப்பட்டன. நடுங்கி நின்ற கார் இப்போது சந்தியில் அமைதியாக நிற்கிறது.

சத்தம் செத்துவிட்டதா என்றால், இல்லை. அந்த எஞ்சினுக்கு ஒரே தொண்டையில் மூன்று குரல்கள். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ளெடுக்கும் வால்வு இரண்டில் ஒன்று பெயருக்குத்தான் திறக்கும். வேகம் கூடும்போது இரண்டும் சேரும். 6000க்குக் கிட்டப் போனால் உயரமான கேம் பிடித்துக்கொள்ள, குரல் சட்டென்று மேல் ஸ்தாயிக்கு ஏறும். முன்பு எல்லாம் ஒரே கூச்சலாக இருந்தபோது இந்த மாற்றம் கேட்கவே இல்லை. மூன்று குரல்களையும் பிரித்துக் கேட்கும் இன்பம், சத்தத்தைக் குறைத்த பிறகுதான் மச்சானுக்குக் கிடைத்தது. வயல்வெளிக்கு நடுவே, வீடுகள் இல்லாத துண்டில், இரண்டாம் கியரில் ஒரு தடவை அதை ஏற்றிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வகுப்பறை முகத்தோடு வீதியைப் பார்ப்பேன். உள்ளுக்குள் எனக்கும் பிடிக்கும்.

2025 ஜனவரியில் பொலிசார் வீதிகளில் இரைச்சல் சைலன்சர்களைத் தேடத் தொடங்கியபோது எங்களூர்ப் பையன்கள் சிலர் பழைய பாகங்களைத் தேடி அலைந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து அடக்குவது ஒரு வகை. பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள் என்று அறிந்து அடக்குவது வேறு வகை. இரண்டாவது வகையில் வாகனத்தின் அழகு கெடுவதில்லை.

உம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அண்மையில் ஓர் இரவு அவரோடு திண்ணையில் இருந்தேன். ஒழுங்கை முனையில் தணிந்த உறுமல் ஒன்று கேட்டது. உம்மா குளியலறைப் பக்கம் போகவில்லை. "மருமகன் வாறாரு, தேத்தண்ணிக்குத் தண்ணி வை மகள்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.